விருப்பின் வரலாறு: தமிழ் விசைப்பலகையும் பணிசெயல் முறைமையும் - தெஹியோவிட்டவை முன்னிறுத்திய சில குறிப்புகள்

கணினியில் தமிழ் எழுதுவோர் எந்த விசைப்பலகையை, எந்தப் பணிசெயல் முறைமையை விரும்புகின்றனர் என்னும் வினா மேலோட்டமாக நோக்குமிடத்துத் தனிமனித இரசனை சார்ந்த ஒன்றாகவே தோன்றும். ஒருவர் பாமினி எழுத்துரு இல்லாமல் எழுத முடியாதென்பார். இன்னொருவர் தமிழ்99 தவிர்ந்த யாவும் விஞ்ஞானத்துக்கு முரணானவை என்பார். மூன்றாமவர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுவதே எளிதென வாதிடுவார். இவ்வாறான விவாதங்களில் ஒவ்வொருவரும் தத்தம் விரல்களின் பழக்கத்தையே உலகநியதியாகக் கொள்கின்றனர். ஆயின், விரல்களின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

உற்பத்தியானது நுகர்பொருளை மட்டுமன்றி அதனை நுகரும் மனிதனையும் அவனது தேவையையும் சேர்த்தே ஆக்குகின்றது என்னும் கருத்தினை மார்க்ஸ் 1857 இல் எழுதிய முன்னுரைக் குறிப்புகளில் விளக்கியுள்ளார். விசைப்பலகை பற்றிய விருப்புகளுக்கும் இது பொருந்தும். விருப்பு என்பது வரலாற்றின் விளைபொருள். யாருக்குத் தெரிவு கிடைத்தது, யாருக்குப் பயிற்சி கிடைத்தது, யாருடைய மொழிக்காக இயந்திரம் செய்யப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் உள்ளடக்கம். கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டப் பகுதியையும் அதனைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களையும் முன்னிறுத்தி இதனை நோக்குவதே எமது முயற்சியாகும். யாழ்ப்பாணத்தையோ சென்னையையோ மையமாகக் கொண்டு நோக்கும்போது புலப்படாத சில உண்மைகள் இத்தகைய விளிம்பிலிருந்து நோக்கும்போது தெளிவாகின்றன.

1. பாதையின் அகலம்

ஆங்கில விசைப்பலகையின் இன்றைய ஒழுங்கு, ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஷோல்ஸ் முதலானோர் 1868 இல் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியின் தொடர்ச்சியான திருத்தங்களினால் உருவானது. துப்பாக்கி செய்து வந்த ரெமிங்டன் நிறுவனம் 1870களில் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அச்சுக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருத்தற்கெனவே எழுத்துகள் இவ்வாறு சிதறி வைக்கப்பட்டன என்ற விளக்கம் நெடுங்காலமாக வழங்குகின்றது. தந்திச் செய்தியை எழுதியெடுத்த ஊழியரின் தேவைகளே அதனை வடிவமைத்தன எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் கூறுவர். 1936 இல் டுவொராக் என்பார் வேறோர் ஒழுங்கிற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பழைய ஒழுங்கு நிலைபெற்றது.

இந்நிலைபேற்றினைப் பொருளியலாளர் போல் டேவிட் 1985 இல் எழுதிய கட்டுரையொன்றில், முதலிற் சென்ற வழியே பின்வருவோரையும் கட்டிப்போடும் நிகழ்வாக விளக்கினார். 1990 இல் லீபோவிற்ஸ், மார்கோலிஸ் ஆகிய இருவரும் அதனை மறுத்து, சந்தை தகாத ஒன்றைத் தக்கவைத்ததென்பதற்குச் சான்றில்லை என வாதிட்டனர். இவ்விவாதத்தில் ஒரு தரப்பார் தற்செயலையும் மறுதரப்பார் சந்தையையும் முதன்மைப்படுத்தினர். நியமத்தை நிறுவும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்ற வினா இருதரப்பாரிடத்தும் முதலிடம் பெறவில்லை.

இவ்வினாவுக்கான உவமையொன்றைத் தெஹியோவிட்டவின் அயலிலேயே காணலாம். களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டை வரை அமைக்கப்பட்டது. நாட்டின் முதன்மைப் பாதைகள் ஐந்தடி ஆறங்குல அகலத்தனவாக இருக்க, இதுவோ இரண்டடி ஆறங்குல அகலத்தது. தோட்ட விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லச் செலவு குறைந்த பாதை போதும் என்பதே அதனை நிறுவியோரின் கணக்கு. 1990களில் எஞ்சிய பாதை அகலப்படுத்தப்படும் வரை, அப்பாதையில் ஏறிய ஒவ்வொருவரும் அக்கணக்கின் மீதே பயணஞ்செய்தனர். குறும்பாதை பயணிகளின் விருப்பா என எவரும் கேட்டிலர். விசைப்பலகையும் இத்தகைய பாதையே.

2. எழுதுவினைஞரும் கூலியும்

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் முன்னோடி எனப் போற்றப்படும் ஆர். முத்தையா 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தவர். மலாயா சென்று, பின் சிங்கப்பூரில் அலுவலராகப் பணியாற்றியவர். தமிழின் 247 எழுத்துகளை ஏறத்தாழ 90 அச்சுகளுள் அடக்கவேண்டிய சிக்கலை அவர் எதிர்கொண்டார். மேல்விசிறி, கீழ்விசிறி, புள்ளி முதலியவற்றைத் தட்டும்போது தாள் நகராதிருக்குமாறு அமைத்த நகரா விசைகளே அதற்கான தீர்வாயின. குறியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தைப் பின்னர் அடிக்கும் முறை இதனால் உண்டாயிற்று. அவர் வடிவமைத்த பொறி 1930களில் ஜேர்மனியில் உற்பத்தி செய்யப்பட்டுத் தமிழுலகுக்கு வந்தது.

முத்தையாவின் ஆற்றல் ஐயத்துக்கிடமற்றது. எனினும், அவ்வாற்றல் எந்தச் சமூகக் களத்தில் விளைந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மிசனரிப் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி யாழ்ப்பாணத்தில் ஓர் எழுதுவினைஞர் வர்க்கத்தை உருவாக்கியது; பிரித்தானியப் பேரரசின் அலுவலகங்கள் அதனை மலாயாவுக்கு ஈர்த்தன. அதே பேரரசு, அதே காலத்தில், தமிழகத்து வறிய கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாக மக்களைக் களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. இருவகைப் பெயர்வும் ஒரே மூலதனத்தின் தேவையால் நிகழ்ந்தவை. ஒருவகையினர் எழுத்தின் இயந்திரத்தை அணுகினர். மற்றையோர் எழுத்தினாற் பதிவுசெய்யப்படுவோர் மட்டுமே ஆயினர்.

தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் எழுத்து முதன்முதலாகத் தோன்றுவது கடனின் வடிவிலாகும். தொழிலாளி ஒருவரின் கடன் தீர்க்கப்பட்டால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’, மனிதரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் பத்திரமாக விளங்கியது. 1921 இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. செக்ரோல் புத்தகமோ தொடர்ந்தது. பிரட்டுக்களத்தில் அழைக்கப்படும் பெயர் ஒன்றாகவும் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதும் பெயர் வேறொன்றாகவும் இருந்தது. எழுதப்படுபவர் எழுதுபவராக மாறுவதற்கான போராட்டம் தொழிற்சங்க இயக்கத்துடனேயே தொடங்கியது. 1920களில் ‘தேசபக்தன்’ இதழை நடத்திய கோ. நடேசய்யர், 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தமை தற்செயலன்று. அச்சும் அமைப்பும் அவரிடத்து ஒரே பணியின் இரு கூறுகளாகவே இருந்தன.

3. அரசும் தட்டச்சும்

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆட்சிமொழிக்கு இயந்திரம் தேவை. 1960களில் விஜேசேகர ஒழுங்கு என வழங்கும் சிங்களத் தட்டச்சு ஒழுங்கு அரச ஆதரவுடன் நிலைபெற்றது. பிற்காலத்தில் அதுவே கணினிக்கான தேசிய நியமத்திலும் இடம்பெற்றது. தமிழுக்கு 1958 இல் விசேட ஏற்பாடுகள் சட்டமும், 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் ஆட்சிமொழித் தகுதியும் கிடைத்தன. எனினும், சட்டத்தில் ஏறிய மொழி அலுவலக மேசையில் ஏறுவதற்கு விசையும் வேண்டும். அதனைத் தட்டும் ஊழியரும் வேண்டும். நுவரெலியாவைப் போலத் தமிழர் செறிந்து வாழாது, சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டந்தோட்டமாகச் சிதறி வாழும் சப்ரகமுவ மக்களுக்கு இவ்விரண்டும் எளிதிற் கிட்டவில்லை.

இதன் விளைவை ஒரு பெயரின் பயணத்திற் காணலாம். சிங்கள நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. ரகர, றகர வேறுபாடும் இல்லை. ஏழுமலை என்பார் சிங்களப் பதிவில் ஏளுமலை ஆகின்றார். அதிலிருந்து மீண்டும் தமிழுக்கு வருங்கால் ழகரம் திரும்பி வருவதில்லை. கறுப்பையாவும் கருப்பையாவும் ஒருவராகின்றனர். அல்லது ஒருவரே ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்று பத்திரங்களில் மூவராகின்றார். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை பத்திரங்களாலேயே தம் இருப்பை நிறுவவேண்டியிருந்த ஒரு மக்கட்கூட்டத்துக்கு, இஃது ஒலிப்புப் பிழை சார்ந்த சிறு விடயம் அன்று. பிறப்புச் சான்றிதழிலும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் ஒவ்வாதவிடத்துத் தொழிலாளி தம் உழைப்பின் சேமிப்பைப் பெறுவதற்கே அலையவேண்டியவராகின்றார். ஒரு விசை இல்லாமையின் பொருளாதாரப் பெறுமதி இங்குதான் வெளிப்படுகின்றது.

4. கண்வழி, இலக்கணவழி, ஆங்கிலவழி

இன்று வழக்கிலுள்ள தமிழ் உள்ளீட்டு முறைகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது கண்வழி முறை. தட்டச்சுப் பொறியின் ஒழுங்கினைக் கணினிக்குக் கொணர்ந்த இம்முறையில், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே விசைகள் தட்டப்படும். ‘கொ’ என எழுத ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டுகள் வேண்டும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையேயும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இவ்வகையது. ஆயின், அதில் எழுதப்படுவது கணினியின் நினைவகத்தில் தமிழன்று. ஆங்கில விசைகளான ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தினைத் தட்டினால் திரையிலே ‘தமிழ்’ தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வைந்து ஆங்கிலக் குறிகளே எஞ்சும். தேடவோ அகரவரிசைப்படுத்தவோ இயலாது. இவ்வாறு எழுதப்பட்ட பாடசாலை மலர்களும் சங்க அறிக்கைகளும் ஒருங்குறிக்கு மாற்றப்படாவிடின், எதிர்கால ஆய்வாளனுக்கு அவை புரியாக் குறிகளாகவே கிட்டும். இலக்கிய வரலாற்று மாணவர் இதனை ஓர் ஆவணக்காப்புப் பிரச்சினையாகவே கருதுதல் வேண்டும்.

இரண்டாவது இலக்கணவழி முறை. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற்99 மாநாட்டினையடுத்துத் தமிழ்நாடு அரசு நியமமாக ஏற்ற தமிழ்99 இதன் சிறந்த எடுத்துக்காட்டு. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ககரத்தின் பின் ஒகரத்தைத் தட்ட ‘கொ’ பிறக்கும். இரட்டித்த மெய்யின் முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமையும். மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்ற நம் இலக்கண மரபின் கொள்கை இங்கு விசையாக வடிவெடுத்துள்ளது. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அக்குறியீட்டு முறையும் மெய்யின் பின்னரே உயிர்க்குறியை வைத்துச் சேமிக்கின்றது.

மூன்றாவது ஆங்கிலவழி முறை. உரோம எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைப் பெறும் இம்முறை 1980களில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முதலான மென்பொருள்களால் பரவியது. 2005 இல் வெளிவந்த செல்லினம் கைத்தொலைபேசிக்கும் தமிழைக் கொணர்ந்தது. தனியாக ஒழுங்கொன்றைக் கற்கவேண்டியதில்லை என்பது இதன் சிறப்பாகப் பேசப்படும். ஆயின், ஆங்கில நெடுங்கணக்கும் அதன் ஒலிப்பும் முன்கூட்டியே கைவந்தவருக்கே இது எளிது. தமிழ் எழுதுவதற்கு ஆங்கிலம் நுழைவுச்சீட்டாகும் நிலை இதில் உள்ளடங்கியுள்ளது.

இம்மூன்றினையும் வெறும் தொழினுட்பத் தெரிவுகளாகக் கொள்ளல் போதாது. கண்வழி முறையின் பின்னால் தட்டச்சுப் பயிற்சி நிலையத்திற் கற்றுப் பிழைப்புத் தேடிய கீழ்நடுத்தர வர்க்கத்தின் கைகள் உள்ளன. இலக்கணவழி முறையின் பின்னால் மொழியுணர்வு கொண்ட அரசொன்றின் திட்டமிடலும் அறிஞர் குழாத்தின் உழைப்பும் உள்ளன. ஆங்கிலவழி முறையின் பின்னால் கணினித் தொழிலிலும் புலம்பெயர் நாடுகளிலும் உருவான ஆங்கிலக் கல்வியாளர் உள்ளனர். ஒவ்வொரு விருப்பும் ஒரு சமூகத் தடத்தின் முத்திரையாகும்.

தெஹியோவிட்டத் தோட்டத்து இளைஞர் இம்மூன்றில் எதற்கும் உரிமையுடன் வந்து சேர்ந்தவரல்லர். கடைத்தெருவில் விண்ணப்பமும் மரண அறிவித்தலும் அச்சிட்டுத் தருவோரிடம் வேலைக்கமரும் பெண் பாமினியை விரும்புகிறாள் எனில், அக்கடையில் முன்னிருந்தவர் விட்டுச்சென்ற கணினியில் அதுவே இருந்தது என்பதே காரணம். பாடசாலை மாணவன் ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதுகிறான் எனில், கைத்தொலைபேசி அவனுக்கு முதலிற் காட்டியது அதனையே. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, லயன் அறையிலிருந்த ஒற்றைக் கைத்தொலைபேசியே பல வீடுகளிற் கரும்பலகையும் கொப்பியும் ஆயிற்று. இதனை விருப்பு என அழைப்பது, குறும்பாதைப் புகையிரதத்தில் ஏறியவர் குறும்பாதையை விரும்பினார் என்பதற்கு ஒப்பாகும்.

5. பணிசெயல் முறைமையின் அரசியல்

விசைப்பலகை தனித்து இயங்குவதன்று. அதனைத் தாங்கி நிற்பது பணிசெயல் முறைமை. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 பதிப்பு தமிழ் ஒருங்குறிக்கு இடமளித்தபோது, அதனுடன் வந்த தமிழ் விசைப்பலகை இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இந்திய அரசு வகுத்த இன்ஸ்கிரிப்ட் ஒழுங்காகும். தமிழ்நாட்டு அரசின் நியமமான தமிழ்99 அதே நிறுவனத்தின் முறைமையில் இடம்பெறுவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையிலோ 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ் நியமம் வகுக்கப்பட்டு, தட்டச்சு மரபைத் தழுவிய ரெங்கநாதன் ஒழுங்கு அதில் ஏற்கப்பட்டது. தாளில் நியமம் பிறந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலையின் கணினியில் அது தானே வந்தமராது; தேடி நிறுவுவோர் ஒருவர் வேண்டும்.

தனியுடைமை முறைமைகளுக்கு மாற்றாக, 1983 இல் தொடங்கிய குனூ இயக்கமும் 1991 இல் தோன்றிய லினக்ஸும் மூலநிரலைப் பொதுவுடைமையாக்கின. தமிழார்வலர் பலர் ஊதியமின்றி அவற்றைத் தமிழாக்கினர். உற்பத்திச் சாதனத்தின் பொதுவுடைமை என்ற கருத்தினை ஏற்போர்க்கு இது மகிழ்ச்சி தரும் நிகழ்வே. எனினும், அங்கும் மையமும் விளிம்பும் உள. லினக்ஸ் வகைகளிற் பெருவழக்கான விசைப்பலகைத் தொகுதியில் ‘இலங்கை’ என்ற தலைப்பின்கீழ் அமைந்த தமிழ் ஒழுங்குகள் தமிழ்நெற்99 இன் பெயரைத் தாங்கியவை. இலங்கையின் நியமமான ரெங்கநாதன் ஒழுங்கினைப் பெற வேறொரு நிரல் தொகுதியை நாடவேண்டும். திருத்துவதற்கான உரிமை யாவர்க்கும் உண்டு. ஆயின், திருத்துவதற்கான ஓய்வும் கல்வியும் யாவர்க்கும் இல்லை. கொழுந்து நிறையிலும் பால்வெட்டு நிறையிலும் நாளின் ஒளி முழுவதையும் இழக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு மூலநிரலின் சுதந்திரம் இன்னும் சட்டப்புத்தகத்துச் சுதந்திரமே.

2005 இல் தொடங்கப்பட்ட நெனசல நிலையங்கள் கணினியைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல முயன்றன. பாடசாலைகளிற் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடமாயிற்று. இவற்றைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆயினும், கணினியைக் கொடுத்தலும் தாய்மொழியில் எழுதும் கையைப் பயிற்றுதலும் வெவ்வேறானவை. தமிழ்மொழிப் பாடசாலைகளையும் உள்ளடக்கிய தெஹியோவிட்டக் கல்வி வலயத்தில், மாணவர் ஒருவர் சொல்லாவணம் தயாரிக்கும் முறையை நூலிற் கற்றுப் பரீட்சையிற் சித்தியடையலாம். ஆனால், தம் தந்தையின் பெயரை ழகரம் பிழையாது தட்டச்செய்யும் வாய்ப்பு அவருக்கு வகுப்பறையிற் கிட்டினாலன்றி, அக்கல்வி நிறைவுடையதாகாது.

6. சில முடிவுகள்

எந்த விசைப்பலகை சிறந்தது என்ற வினாவுக்கு இக்கட்டுரை விடை கூற முற்படவில்லை. கண்வழி ஒழுங்கிற் பழகிய முதிய தட்டச்சாளரை இலக்கணத்தின் பெயரால் இழித்துரைப்பதும், ஆங்கிலவழி எழுதும் இளைஞரை மொழிப்பற்றில்லாதவராகக் காண்பதும் வரலாற்றுணர்வற்ற செயல்களாகும். பழக்கத்தை ஒழிக்காமலே சேமிப்பை ஒருமைப்படுத்தலாம்; எவ்வொழுங்கில் தட்டினும் ஒருங்குறியிற் சேமித்தல் இன்று இயல்வதே. எனவே, ஒழுங்குகள் பலவாயிருத்தல் கேடன்று. ஒழுங்கொன்றையும் முறையாகக் கற்பிக்காதிருத்தலே கேடு.

இதிலிருந்து சில கோரிக்கைகள் பிறக்கின்றன. தமிழருக்குச் சேவை செய்யும் ஒவ்வோர் அரச அலுவலகத்தின் கணினியிலும் தேசிய நியமமான தமிழ் விசைப்பலகை நிறுவப்பட்டிருத்தலும், அதனைத் தட்டத் தெரிந்த ஊழியர் அமர்த்தப்படலும் ஆட்சிமொழி உரிமையின் உட்கூறாகக் கொள்ளப்படல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளிற் தமிழ்த் தட்டச்சு செய்முறைப் பயிற்சியாக வேண்டும். பெயர் திருத்தம் கோருவோரிடம் அதன் செலவைச் சுமத்தும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். பிழை செய்தது பதிவுமுறை, பதிவுசெய்யப்பட்டவரன்று. தொழிற்சங்கங்கள் ஊதியக் கோரிக்கையுடன் எழுத்துக் கோரிக்கையையும் இணைத்தல் தகும். நடேசய்யர் காலத்து அச்சகத்தின் இடத்தை இன்று விசைப்பலகை எடுத்துள்ளது.

விருப்பு என்பது சுதந்திரத்தின் பெயராக விளங்கவேண்டுமாயின், தெரிவுகள் கண்முன் இருத்தல் வேண்டும். அவற்றைக் கற்கும் நேரம் இருத்தல் வேண்டும். கற்றதைக் கொண்டு வாழ வழி இருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமையுங்காலத்துத் தெஹியோவிட்டத் தோட்டமொன்றின் மாணவி எனக்கு இவ்விசைப்பலகையே பிடிக்கும் என்பாளாயின், அதனை நாம் தனிமனித விருப்பெனத் தயக்கமின்றி ஏற்கலாம். அதுவரை விருப்புப் பற்றிய ஆய்வு, விருப்பு மறுக்கப்பட்டமை பற்றிய ஆய்வாகவே அமைதல் தவிர்க்க இயலாதது.